ஆமை வண்டிக்கு ஊற்றிய மருந்து

19 பிப்ரவரி 2006, ஞாயிறு

இன்றைக்கும் சூடு. புதுச்சேரி போய்த் திரும்பும்போது பெரிய முதலியார்சாவடி தாண்டியதும் எஞ்சினில் அந்த டிக் டிக் சத்தம். உள்ளே எவனோ உட்கார்ந்து ஸ்பேனரால் தட்டுகிற மாதிரி. ஓரம் கட்டிப் பின்பக்கம் திறந்து வைத்து அரை மணி நேரம் நின்றேன். போகிறவன் வருகிறவன் எல்லாம் "அண்ணே, தண்ணி ஊத்துங்க" என்கிறான். டேய், இது தண்ணியே குடிக்காத எஞ்சின்டா. ரேடியேட்டரே கிடையாது. காத்துலயே ஆறிக்கும். எத்தனை பேருக்குச் சொல்வது?

மரக்காணத்தில் இருபத்திரண்டு வருடமாக உப்பளத்து பம்பு ரிப்பேர் பார்க்கிறவன் நான். பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடுகிற பம்புகள். அவையும் காற்றில் குளிர்கிற எஞ்சின்கள்தான். அந்தத் தைரியத்தில்தான் புதுச்சேரியில் ஒரு வாத்தியார் வீட்டு ஷெட்டில் எலி குடியிருந்த இந்த 66 மாடல் ஃபோக்ஸ்வாகனைப் போன வருடம் வாங்கினேன். ஊர் வைத்த பெயர் ஆமை வண்டி. பம்பில் ஒரு சிலிண்டர், இதில் நாலு. வேறென்ன பெரிய வித்தியாசம்?

வாங்கியதும் முதல் வேலையாக எஞ்சினைச் சுற்றி அடைத்திருந்த தகரங்களைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டேன். உப்பளத்தில் எந்தப் பம்புக்கும் நாங்கள் தகரம் விட்டு வைப்பதில்லை. உப்புக்காற்று ஆறே மாதத்தில் அரித்துவிடும். திறந்து கிடந்தால் காற்றும் நன்றாகப் படும். கார்புரேட்டர் சுத்தம், பாயின்ட் புதுசு, ஆயில் புதுசு. அப்புறமும் சூடு என்றால் குடிக்கிற பெட்ரோலில்தான் கோளாறு. இனிமேல் என்ன ஊற்றுகிறேன், வண்டி என்ன சொல்கிறது என்று இதில் எழுதி வைக்கப் போகிறேன்.

22 பிப்ரவரி

யோசித்துப் பார்த்தால் விஷயம் எளிது. இந்த வண்டி செய்த காலத்தில் பெட்ரோலில் ஈயம் இருந்தது. அது வால்வுக்கு மெத்தை மாதிரி. ஆறு வருடமாக ஈயம் இல்லாத பெட்ரோல்தான் வருகிறது. போதாக்குறைக்கு ஸ்பிரிட் வேறு கலக்கிறார்கள் என்று பேச்சு. கிழவனுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தால் செரிக்குமா?

பிரீமியம் பெட்ரோல் போடலாம் என்று பங்குக்குப் போனேன். ஈ.சி.ஆர். பங்கில் முருகையன்தான் ஷிஃப்ட் இன்சார்ஜ். என் மனைவி வசந்தாவின் தம்பி, என் மச்சான். ஒன்பது வருடம் வெயிலில் நின்று பெட்ரோல் போட்டு, போன பொங்கலுக்குத்தான் அந்த நாற்காலி கிடைத்தது.

"மாமா, பிரீமியம்லாம் புது வண்டிக்கு. உங்க ஆமைக்கு சாதாவே போதும்" என்றான்.

"நீ பெட்ரோலப் போடு. எஞ்சின நான் பாத்துக்கறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே போட்டான்.

27 பிப்ரவரி

நான்கு நாள் சத்தமில்லை. இன்று மதியம் மறுபடியும் டிக் டிக். நாலு நாளும் விடியற்காலையில்தான் ஓட்டினேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

3 மார்ச், வெள்ளி

பஸ் பிடித்து சென்னை போய் ஈயத்துக்குப் பதிலாக ஊற்றுகிற மருந்து வாங்கி வந்தேன். சின்ன பாட்டில், எண்ணெய்ப் பதம், மண்ணெண்ணெய் வாசனை. பத்து லிட்டருக்கு ஒரு மூடி என்று போட்டிருக்கிறது. நான் மூன்று மூடி ஊற்றினேன். ஆறு வருடப் பசிக்கு ஒரு மூடி எப்படிப் போதும்?

10 மார்ச்

டிக் டிக்.

16 மார்ச்

ஸ்கூட்டருக்கு ஊற்றுகிற டூ-டி ஆயிலையும் சேர்த்துப் பார்த்தேன். மேலிருந்து எண்ணெய் போனால் வால்வு வழுவழுப்பாக வேலை செய்யும். பம்புகளுக்கு இப்படிச் செய்து எனக்குப் பழக்கம்தான். பின்னால் நீலப் புகை. உப்பு லாரி டிரைவர் ஒருத்தன், "பாச்சா உருண்டைய நசுக்கிப் போடுண்ணே, பெட்ரோலுக்கு வீரியம் ஏறும்" என்றான். அதையும் விடவில்லை. வசந்தா துணிப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "பூச்சி எம் பொடவைல இருக்குதா உங்க வண்டில இருக்குதா?" என்று கேட்டாள்.

பூச்சி என் மண்டையில்தான். வேறு நினைப்பே இல்லை.

9 ஏப்ரல், ஞாயிறு

பக்கீர் முஹம்மது பாய் என் ரிப்பேர் கடைக்கு வந்தார். மகள் சனோபருக்கு 23ஆம் தேதி நிக்காஹ். மாப்பிள்ளை கோட்டக்குப்பம். "மாப்ளய ஒங்க ஆமை வண்டில கொண்டாரணும்னு புள்ளைங்க ஆசப்படுது. வண்டி ஓடுமா?" என்றார்.

ஓடுமா என்று என்னிடமே கேட்கிறாரே. "பறக்கும் பாய்" என்றேன். ஏன் சொன்னேன்? வாய்.

20 ஏப்ரல்

வாஷ் பண்ணி, மெழுகு போட்டு, சீட்டுக்குப் புது உறை. முருகையன் பங்கில் சாதா பெட்ரோல் டேங்க் நிறைய. மருந்து நாலு மூடி, டூ-டி ஆயில் ஒரு டம்ளர். பயத்தில் கொஞ்சம் கூடவே ஊற்றிவிட்டேன். அன்றைக்கு மட்டும் ஓடிவிடு, அப்புறம் நீ கேட்டதைச் செய்கிறேன் என்று வண்டியிடம் பேசினேன். வசந்தா பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

23 ஏப்ரல், ஞாயிறு

நின்றுவிட்டது.

பாதி வழிதான் வந்திருப்போம். பகல் பத்தரை மணி. மாப்பிள்ளை பூமாலையோடு பக்கத்தில். பின் சீட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமா முஜீப் ரஹ்மானும் இரண்டு பிள்ளைகளும். டிக் டிக் பெரிசாகி, டக் டக் ஆகி, ஒரு உலுக்கு உலுக்கி, அவ்வளவுதான். பின்னால் வந்த வேன்களெல்லாம் நின்றன. எல்லாரும் இறங்கி வந்து பார்க்கிறார்கள். ஒரு பையன் செல்போனில் படம் எடுக்கிறான். மாப்பிள்ளை தலையில் கட்டிய பூவெல்லாம் வியர்வையில் சரிய, வேனில் நெருக்கியடித்து உட்கார்ந்து போனார்.

முஜீப் பாய் மட்டும், "அண்ணே, எஞ்சின ஒரு நிமிஷம் பாக்கலாமா?" என்று கேட்டார். "எஞ்சின்ல ஒண்ணும் இல்ல பாய். பெட்ரோல்ல கலப்படம்" என்றேன். அந்த இடத்தில், அந்த நிமிடத்தில் வாயில் வந்தது அது. வந்த பிறகு அதுவே உண்மை மாதிரி இருந்தது.

வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து போட்டேன். சாயங்காலம் டேங்கில் டியூப் விட்டு உறிஞ்சி, ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு வைத்தேன். நல்ல பெட்ரோல் என்றால் இரண்டு நிமிடத்தில் பறந்துவிடும், பேப்பரில் அடையாளமே இருக்காது. ஐந்து நிமிடம் பார்த்தேன். எட்டணா அளவுக்கு எண்ணெய்க் கறை, விளிம்பில் மஞ்சள்.

எனக்கு வந்தது கோபமா சந்தோஷமா என்று தெரியவில்லை. என் எஞ்சின் நல்ல எஞ்சின்.

24 ஏப்ரல், திங்கள்

காலை எட்டு மணி, பங்கில் கூட்டமான நேரம். உப்பு லாரிகள், டவுன் பஸ், பைக்குகள். பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினேன். என்னென்ன பேசினேன் என்று எனக்கே முழுசாக ஞாபகமில்லை. "கல்யாண மாப்ளைய நடு ரோட்டுல நிக்க வெச்சிட்டீங்களேடா, மண்ணெண்ணெய ஊத்தி விக்கிறீங்களேடா" என்பது ஞாபகம் இருக்கிறது.

முருகையன் ஓடி வந்தான். "மாமா, நாசில்லருந்து புடிச்சி டெஸ்ட் பண்ணலாம், வாங்க."

"நேத்தே புது லோடு எறங்கிடுச்சே. இப்ப நல்லாத்தாண்டா இருக்கும்."

"மாமா, நான் நின்னுதான் எறக்குறேன் ஒவ்வொரு லோடும். எங்கள நம்பலன்னாலும் என்னைய நம்புங்க."

"பேப்பர் பொய் சொல்லுமாடா?"

இரண்டு லாரிக்காரர்கள் பெட்ரோல் பங்கையே படம் பிடிப்பதுபோல் பார்த்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். முதலாளி சக்கரபாணி கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

25 ஏப்ரல்

முருகையனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

நான் கத்தினது முதலாளியை நினைத்துத்தான். அவர் என்ன செய்தார்? விஷயம் கம்பெனி வரைக்கும் போனால் டீலர்ஷிப்புக்கே ஆபத்து. அதனால் "லோடு எறக்குனவன் அவன், கையெழுத்து போட்டவன் அவன், அவன்தான் ஏதோ பண்ணியிருக்கான், வெளிய அனுப்பிட்டேன்" என்று வந்தவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார். ஒரே நாளில் பங்கு சுத்தமாகிவிட்டது.

நான் போய் முருகையன் அப்படிச் செய்கிறவன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்படியானால் பேப்பரில் கறை எப்படி வந்தது என்று கேட்பார். பதில் இல்லை. போகவில்லை.

26 ஏப்ரல்

வசந்தா சோற்றை வைத்தாள். பேசவில்லை.

30 ஏப்ரல்

பேசவில்லை.

8 மே, திங்கள்

ஓட்டுப் போடப் போனேன். பள்ளிக்கூடத்து வரிசையில் முருகையனும் அவன் மனைவி கலைமதியும் எனக்கு நாலு ஆள் முன்னால். அவன் காலைப் பார்த்தேன். பாதம் வெளுத்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. உப்பளத்தில் கூடை சுமக்கிறான் என்று கேள்விப்பட்டேன், நம்பவில்லை. உப்புத் தண்ணீரில் புதுசாக இறங்கினவன் கால்தான் அப்படி ஆகும்.

அவன் திரும்பவே இல்லை. கலைமதிதான் திரும்பினாள். வரிசையில் எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னாள்: "மூணு பங்குல கேட்டுட்டோம்ண்ணா. கலப்படம் பண்ணி மாட்டுனவனான்றாங்க. சொந்த அக்கா வூட்டுக்காரரே சொன்னாராமேன்றாங்க. நாங்க என்னத்த சொல்றது?"

எவனுக்கு ஓட்டுப் போட்டேன் என்றுகூட ஒழுங்காக நினைவில்லை.

14 மே, ஞாயிறு

கடைக்கு முஜீப் பாய் வந்தார். நான் கடனே என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன். கல்யாணத்தன்று நடந்ததற்கு ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அந்தச் சத்தம் மூணு வாரமா மண்டைக்குள்ள ஓடுது. நான் குவைத்துல பதினோரு வருஷம் இந்த வண்டிங்க மட்டுமே பாக்குற கேரேஜ்ல இருந்தவன். ஒரு தடவ தொறந்து காட்டுங்க."

அன்றைக்கே சொல்லியிருக்கலாமே ஐயா. கேட்கிற நிலையில் நான் இருந்தேனா என்பது வேறு.

திறந்தேன். குனிந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"தகரம்லாம் எங்கண்ணே?"

கழற்றிவிட்டேன், உப்புக்காற்றில் அரித்துவிடும், காற்று நன்றாகப் படட்டும் என்றுதான், எங்கள் பம்புகளுக்கெல்லாம் அப்படித்தான் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "பம்பு வெட்டவெளில ஒரே எடத்துல நிக்குது, அதுக்கு சரி. இது பொட்டிக்குள்ள கெடக்குற எஞ்சின். கீழ போற சூட்டுக் காத்து மேல வராம தடுக்கத்தான் அந்தத் தகரம். அது இல்லாம, வெந்து போன காத்தையே ஃபேன் திரும்பத் திரும்ப இழுத்து ஊதிட்டு இருக்குது. எப்பிடி ஆறும்?"

என்னவெல்லாம் ஊற்றினேன் என்று கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாச்சா உருண்டையில் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அழுத்தம் கம்மியான எஞ்சின்ண்ணே இது. சாதா பெட்ரோலே தாராளம். வால்வு சீட்டெல்லாம் கெட்டியாத்தான் போட்டு அனுப்பியிருக்கான், ஈயமும் வேணாம். டூ-டி ஆயில் ஊத்துனா பெட்ரோலோட வீரியம் எறங்கித் தட்டுறதுதான் ஜாஸ்தியாவும். சூட்டுக்கு வைத்தியம்னு சூட்டையே ஊத்தியிருக்கீங்க."

சாதாவே போதும். பிப்ரவரியிலேயே ஒருத்தன் சொன்னான்.

15 மே

தூங்கவில்லை. டேங்கில் இருந்து எடுத்தேனே. பேப்பரில் வைத்த சொட்டை டேங்கில் இருந்துதானே எடுத்தேன். நாசிலில் இருந்து இல்லையே.

காலையில் பைக்கில் போய் அதே பங்கில் அரை லிட்டர் வாங்கி வந்தேன். மூன்று பேப்பர். முதலாவதில் வாங்கி வந்த பெட்ரோல். இரண்டாவதில் அதே பெட்ரோலோடு சென்னை மருந்து. மூன்றாவதில் அதே பெட்ரோலோடு டூ-டி ஆயில்.

முதல் பேப்பர் வெள்ளையாகக் காய்ந்துவிட்டது. மற்ற இரண்டிலும் எட்டணா அளவுக்குக் கறை.

அன்றைக்குக் கறை போட்டவன் நான். என் கையால் ஊற்றினதை நானே உறிஞ்சி எடுத்துக்கொண்டுபோய் அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். ஒன்பது வருடம் நின்றானே. ஒன்பது வருடம் வெயிலில் நின்றானே பாவி.

17 மே

யாருக்கும் தெரியாது. முஜீப் பாய்க்குத் தகரம் தெரியும், பேப்பர் தெரியாது. வெளியே சொன்னால் இந்த ஊரில் எவன் என்னிடம் பம்பு கொண்டுவருவான்? எஞ்சின் தெரியாதவன் என்று ஆகிவிடும். நான் வேறு என்ன, அது மட்டும்தானே? சக்கரபாணியிடம் ரகசியமாகப் போய், பாவம், குடும்பஸ்தன், திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால் ஆகாதா?

கேட்டேன். இன்று மதியம் போய்க் கேட்டேன். "நீதானய்யா புடிச்சிக் குடுத்த. இப்ப நீயே சிபாரிசா?" என்றார். இப்போதுகூட உண்மையைச் சொல்லவில்லை நான். எழுதவே கூசுகிறது.

19 மே

வசந்தாவிடம் சொன்னேன். மூன்று பேப்பரையும் சமையலறை மேடையில் வரிசையாக வைத்து, எது எது என்று சொன்னேன். அவள் முதல் பேப்பரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். கிட்டத்தட்ட நாலு வாரத்துக்கு அப்புறம் பேசினாள்.

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எங்க நின்னு கத்துனீங்களோ அங்க போயி சொல்லுங்க."

22 மே, திங்கள்

எட்டு மணிக்கு. அதே நேரம், அதே இடம். திரும்பிவிடலாம் என்று இரண்டு தடவை பைக்கை நிறுத்தினேன்.

டேங்கிலிருந்து எடுத்ததை ஒரு பாட்டிலில் கொண்டு போயிருந்தேன். வேலையாளிடம் நாசிலிலிருந்து ஒரு சொட்டு வாங்கினேன். இரண்டு பேப்பர். எல்லாரும் பார்க்கக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு நிமிடம் என்பது எவ்வளவு நேரம்! லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். நகரவில்லை. ஒன்று காய்ந்தது, ஒன்று கறையாகவே நின்றது.

"இது பங்கு பெட்ரோல். இது நான் கண்டதையும் கலந்த பெட்ரோல். எஞ்சினக் கெடுத்ததும் நான்தான். அன்னிக்கி முருகையன் மேல நான் போட்டது பொய்ப் பழி" என்றேன். ஒருத்தன் சிரித்தான். "மெக்கானிக்காம்" என்றான் ஒருத்தன். சரி, சொல்லிக்கொள்ளட்டும்.

சக்கரபாணி அறைக்குள் கூப்பிட்டார். "அவன் சீட்டுல வேற ஆள் போட்டாச்சு. பாக்குறேன்" என்றார். ஒரு டெஸ்ட்கூட எடுக்காமல் அனுப்பிவிட்டீர்களே என்று கேட்டேன். "எடுக்காமதானய்யா நீ கத்துன" என்றார். பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

23 மே

உப்பளத்துக்குப் போனேன். வெயில் கண்ணைக் குத்துகிறது, எங்கு பார்த்தாலும் வெள்ளை. முருகையன் தலையில் கூடையோடு வரப்பில் வந்தான். வழியில் நின்றேன். மன்னிச்சுக்கடா என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து, ஆயில், டேங்க், பேப்பர், தகரம்.

கூடையை இறக்காமலே கேட்டான். முகத்தில் வழிகிற உப்புத் தண்ணீரைத் துடைக்கக் கை இல்லை.

"மேஸ்திரி பாக்குறாரு. வழி வுடுங்க" என்றான்.

விட்டேன்.

30 மே

அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். இன்சார்ஜ் நாற்காலி இல்லை. பழையபடி பெட்ரோல் போடுகிற வேலை. வசந்தா சொன்னாள். சொல்லிவிட்டு, "அதாவது கெடச்சிதே" என்றாள்.

4 ஜூன், ஞாயிறு

முஜீப் பாய் ஞாபகத்திலிருந்தே நியூஸ் பேப்பரில் தகரங்களின் அளவை வரைந்து கொடுத்தார். மூன்று நாளாக வெட்டி, மடித்து, பொருத்தினேன். மூன்றாம் சிலிண்டரில் வால்வு கருகியிருந்தது, அதையும் மாற்றியாயிற்று. டேங்கைக் கழுவி, மருந்து பாட்டிலைக் குப்பையில் போட்டேன். பம்பு ரிப்பேருக்கு இந்த வாரம் இரண்டே பேர் வந்தார்கள்.

11 ஜூன், ஞாயிறு

பட்டப்பகலில் புதுச்சேரி வரைக்கும் போய்த் திரும்பினேன். சாதா பெட்ரோல், வேறு ஒன்றுமில்லை. சத்தமே இல்லை. எஞ்சின் மூடியில் கை வைத்துப் பார்த்தேன், வைக்க முடிகிறது. இதற்காகத்தான் நான்கு மாதமாக அலைந்தேன். சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது, படவில்லை.

வருகிற வழியில் பங்குக்குள் திருப்பினேன். இந்த வண்டிக்கு டேங்க் முன்பக்கம். இறங்கி மூடியைத் தூக்கினேன். வந்தவன் முருகையன். சட்டையில் பங்கு முத்திரை, காலில் ரப்பர் செருப்பு, வெடிப்பு இன்னும் ஆறவில்லை. நாசிலைக் கையில் எடுத்துக்கொண்டு மீட்டர் பக்கம் கை காட்டினான்.

"ஜீரோ பாத்துக்குங்க சார்."

பார்த்தேன். ஐந்து லிட்டர் என்றேன். போட்டான். மூடியை மூடிவிட்டு அடுத்த பைக்குக்குப் போய்விட்டான்.

வீட்டுக்குள் நுழையும்போதே வசந்தா வாசலுக்கு வந்தாள். "பங்குக்குப் போனீங்களா? தம்பி இருந்தானா? என்ன சொன்னான்?"

ஜீரோ பார்க்கச் சொன்னான் என்றேன்.